தொழில் இரகசியம் அப்பன்-மகன் வழியாக மட்டும்தான் போனதா? பழங்காலக் கைவினைப் பயிற்சி பற்றி

வழிப்போக்கன்
பழங்காலக் கைவினை என்று பேச்செடுத்தாலே "அப்பனிடமிருந்து மகனுக்கு, காதோடு காதாக" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதற்குச் சாட்சியாக எகிப்தியச் சிற்பி இர்திசெனின் கல்வெட்டைக் காட்டுவது வழக்கம். லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இரண்டாம் மென்டுஹோடெப் காலம், அதாவது கி.மு. 2000-க்குச் சற்று முன். ஆண் உருவின் நடை, பெண் உருவின் நிலை, நெருப்பில் வேகாத, தண்ணீரில் கரையாத, பதித்துச் செய்யும் வேலை என்று தனக்குத் தெரிந்ததை அடுக்கிவிட்டு, இது எனக்கும் என் மூத்த மகனுக்கும் தவிர வேறெவருக்கும் வெளிப்படாது என்கிறான்.

இது ஊர் வழக்கமா, ஒருவரின் பெருமைப் பேச்சா? ஒப்பந்தம், அளவுக் குறிப்பு, பயிற்சிப் பலகை என்று கையில் பிடிக்கக்கூடிய ஆதாரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். "நம் முன்னோர் அறிவு அபாரம்" வகைப் பதிவுகளுக்கு வேறு இழைகள் நிறைய இருக்கின்றன.

நாணல்ஏடு
பெருமைப் பேச்சு என்றுதான் சொல்வேன். நினைவுக்கல்லில் வெட்டிய வாசகம் அது. பட்டறையில் நடந்தது தெரிய வேண்டுமானால் ஒப்பந்தங்களைப் பார்க்க வேண்டும். ரோமானிய ஆட்சிக்கால எகிப்தில், ஆக்சிரிங்கஸ் ஊர்க் குப்பைமேட்டில் கிடைத்த நாணல் (பப்பைரஸ்) ஏடுகளில் நெசவுப் பயிற்சி ஒப்பந்தங்கள் பல உண்டு.

முதலில் கி.பி. 66-ஆம் ஆண்டு ஏடு. திரிஃபோன் என்பவர் தன் மகன் தோனிஸை தொலெமாயோஸ் என்ற நெசவாளரிடம் ஓராண்டுக்கு ஒப்படைக்கிறார். நிபந்தனைகள்:

சோறும் துணியும் தகப்பன் பொறுப்பு, பையன் பேரில் வரும் வரிகளும் அப்படியே. ஆனால் சாப்பாட்டுக்கென்று மாதம் 5 திரக்மாவும் (அக்கால வெள்ளி நாணயம்), ஆண்டு முடிவில் துணிக்கென்று 12 திரக்மாவும் நெசவாளர் தகப்பனுக்குத் தர வேண்டும். பையன் வராத நாட்களுக்கு ஈடாக, கெடு முடிந்தபின் அத்தனை நாள் கொண்டுவந்து விட வேண்டும். இல்லையேல் நாளொன்றுக்கு 1 திரக்மா. நடுவில் கூட்டிக்கொண்டு போனால் தகப்பனுக்கு 100 திரக்மா தண்டம், அதே தொகை அரசுக் கருவூலத்துக்கும். முழுமையாகக் கற்றுக்கொடுக்காவிட்டால் அதே தண்டம் ஆசானுக்கு.

திரிஃபோனே ஒரு நெசவாளர் என்பதுதான் இதில் விசேஷம். கி.பி. 54-இல் அவர் 20 வெள்ளி திரக்மாவுக்குத் தறி வாங்கிய ஏடும் கிடைத்திருக்கிறது. கண்பார்வைக் குறைவுக்காக 52-இல் படைச் சேவையிலிருந்து விலக்குப் பெற்றவர். தறி உள்ள வீட்டுப் பையன் இன்னொருவர் தறிக்குப் போகிறான். அப்பன்-மகன் சூத்திரம் இந்த இடத்திலேயே ஆட்டம் காண்கிறது.

தறிக்குழி
அருமையான ஏடு, அக்கா. அந்த 20 திரக்மாவைத் தண்டத்தோடு சேர்த்துப் பாருங்கள். ஒப்பந்தம் முறித்தால் மொத்தம் 200, அதாவது பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தைய விலையில் பத்துத் தறி. எந்தத் தகப்பனும் விளையாட்டுக்குக்கூடப் பையனைக் கூட்டிக்கொண்டு போக மாட்டான்.

ஆனால் ஓராண்டுதான் கெடு, முதல் மாதத்திலிருந்தே 5 திரக்மா. எனக்குத் தோன்றுவது, தோனிஸ் வெறுங்கையோடு வரவில்லை. தார் சுற்றுவதும் அறுந்த இழையைப் பிணைப்பதும் வீட்டிலேயே படிந்திருக்கும். வேறு பட்டறையின் கைப்பழக்கம் மட்டும் பாக்கி.

ஒன்றும் தெரியாத பையன் என்றால் கணக்கு வேறாகத்தான் இருக்க வேண்டும். அப்படி ஒன்று உண்டா?

நாணல்ஏடு
உண்டு. கி.பி. 183, அதே ஊர். இஸ்கிரியோன் என்பவர் தோனிஸ் என்ற சிறுவனை (மேலே சொன்னவன் இல்லை, அங்கே அது சாதாரணப் பெயர்) ஹெராக்ளாஸ் என்ற நெசவாளரிடம் ஐந்தாண்டுக்கு விடுகிறார்.

முதல் 2 ஆண்டு 7 மாதம்: கூலி கிடையாது.
மூன்றாம் ஆண்டின் மீதி 5 மாதம்: மாதம் 12 திரக்மா.
நான்காம் ஆண்டு: மாதம் 16.
ஐந்தாம் ஆண்டு: மாதம் 24.

இதுபோக ஆண்டுக்கு ஒரு மேலங்கி. அதன் மதிப்பும் 16, 20, 24, 28, 32 திரக்மா என்று ஏறுகிறது. ஆண்டுக்கு 20 நாள் திருவிழா விடுமுறை, கூலிப் பிடித்தம் இல்லாமல். சோம்பலோ நோயோ கீழ்ப்படியாமையோ, எதனால் அதற்கு மேல் போனாலும் அத்தனை நாளைக் கூலியில்லாமல் ஈடுகட்ட வேண்டும்.

தறிக்குழி
2 ஆண்டு 7 மாதம்! "மூன்று ஆண்டு" என்று உருட்டாமல் இப்படி ஓர் எண்ணைப் போட்டிருக்கிறார்கள் என்றால் பேரம் நடந்திருக்கிறது.

நெசவில் அந்தக் கெடு நியாயமானதுதான். தொடக்கக்காரர் கையில் முதலில் கெடுவது கரை. ஊடையை, அதாவது குறுக்கு இழையை, இறுக்கி இழுத்துவிடுவார், துணியின் அகலம் விரற்கடை விரற்கடையாக உள்வாங்கும். ஓரத்துப் பாவிழைகள் (நெடுக்கு இழைகள்) சாய்ந்து உரசி அறுபடும். அறுந்ததை முடிவதற்குள் பக்கத்து இழை தளரும். ஊடையை நேராக நீட்டாமல் சற்றுச் சாய்த்தோ வளைத்தோ தளர்வு விட்டு அடிக்க வேண்டும். எவ்வளவு தளர்வு என்பது நூலின் முறுக்கையும் அன்றைய ஈரப்பதத்தையும் பொறுத்தது. இதை அளவாகச் சொல்ல வழியில்லை. ஆசான் பக்கத்தில் நின்று "விடு, விடு" என்று சொல்வதுதான் பாடம். அதுவரை பையன் நெய்வது விற்காது. விற்கத் தொடங்கும் மாதத்தில் கூலியும் தொடங்குகிறது.

வழிப்போக்கன்
அப்படியானால் விற்க எதுவுமே விளையாத தொழிலில்?

நாணல்ஏடு
பணம் எதிர்த்திசையில் ஓடும். கி.பி. 155 ஏடு: பனெகோதெஸ் என்பவர் தன் அடிமைப் பையனைச் சுருக்கெழுத்து கற்க இரண்டு ஆண்டுக்கு அனுப்புகிறார். இங்கே கொடுப்பவர் உடைமையாளர், வாங்குபவர் ஆசான். மொத்தம் 120 திரக்மா: 40 முன்பணம், குறியீட்டுத் தொகுப்பு முழுவதையும் பையன் கற்று முடித்ததும் 40, எதையும் தடையின்றி எழுதி, பிழையின்றிப் படிக்கும்போது கடைசி 40. நாள் கணக்கில் இல்லாமல் தேர்ச்சிக் கணக்கில் தவணை.

மெசொப்பொத்தேமியா இன்னும் பழையது. ஹம்முராபி சட்டத்தின் (கி.மு. 18-ஆம் நூற்றாண்டு) 188, 189-ஆம் விதிகள்: கைவினைஞன் ஒரு பிள்ளையை வளர்ப்பாக எடுத்துத் தன் தொழிலைக் கற்றுக்கொடுத்தால் பெற்றவர் திரும்பக் கேட்க முடியாது, கற்றுக்கொடுக்கவில்லை என்றால் பிள்ளை தகப்பன் வீட்டுக்குத் திரும்பலாம். வளர்ப்பு உறவையே தொழிற்பயிற்சி தாங்கி நிற்கிறது. அப்பன்-மகன் என்று பழைய ஏட்டில் எழுதியிருந்தாலும் இரத்த உறவு என்று நினைத்துவிட வேண்டாம்.

சூளைமேடு
ஒப்பந்தத்தில் எவ்வளவு நாள், எவ்வளவு காசு என்பது தெரியும். என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்பது தெரியாது. அதற்கு அசூரிய மன்னன் அஷூர்பனிபாலின் நினிவே நூலகத்துக் களிமண் பலகைகளைப் பாருங்கள் (கி.மு. 7-ஆம் நூற்றாண்டு). கண்ணாடி உருக்கும் முறை எழுதியிருக்கிறது.

அடிப்படைக் கலவை: இம்மனக்கு என்ற கல் 10 மினா, நாகா என்ற செடியின் சாம்பல் 15 மினா, "வெள்ளைச் செடி" 1⅔ மினா. ஒரு மினா ஏறக்குறைய அரைக் கிலோ. ஆகக் கல் 5 கிலோ, சாம்பல் ஏழரை கிலோ, மூன்றாவது பொருள் 830 கிராம் சுமார். தனித்தனியே நைசாக அரைத்துப் பிறகு கலக்க வேண்டும். நான்கு தீவாய் உள்ள, குளிர்ந்த சூளையில், வாய்களுக்கு நடுவே வைக்க வேண்டும். புகையில்லாத நல்ல தீ. கட்டிதட்டியதும் எடுத்து ஆறவிட்டு, மறுபடி அரைத்து, சுத்தமான தட்டில் போட்டு, மறுபடி குளிர்ந்த சூளையில் ஏற்றி, பொன்மஞ்சளாக ஒளிரும்வரை எரித்து, சுட்ட செங்கல்மேல் ஊற்ற வேண்டும்.

ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் உண்டு, ஆனால் ஒரு காரணத்தைக்கூடப் பலகை சொல்லவில்லை.

ஏன் இரண்டு முறை சுட வேண்டும்? சாம்பலில் கார்பனேட் நிறைய. சூடேறும்போது வாயு கக்கும். முதல் சூட்டிலேயே உருக்கிவிட்டால் அந்த வாயு கண்ணாடிக்குள் கொப்புளமாக மாட்டிக்கொள்ளும். 800 டிகிரி அருகில் முதலில் கட்டிதட்ட வைத்து, வாயுவை விட்டு, அரைத்தால் உருகாத கல்துகளும் சாம்பலும் மறுபடி நெருங்கிச் சேரும். இரண்டாம் சூட்டில் 1000-க்கு மேல் போனால் சீராக உருகும்.

ஏன் புகை கூடாது? நீலம் செம்பிலிருந்து வந்தால், புகைத்தீயில் செம்பு ஆக்சிஜனை இழந்து சிவப்பாகவோ கலங்கலாகவோ மாறிவிடும். நிறமிடாத கண்ணாடியும் பழுப்பேறும். விறகு பட்டை உரித்த தடித்த கட்டையாக, ஆபு மாதத்தில் வெட்டியதாக இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். ஆபு நம் ஆடி-ஆவணியை ஒட்டியது. அங்கே கடும் கோடை, மரத்தில் ஈரம் குறைவு.

ஏன் குளிர்ந்த சூளை? சூடான சூளையில் போட்டால் வெளிப்புறம் இறுகி உட்புறம் பச்சையாக நின்றுவிடும்.

இனி எழுதாமல் விட்டது. சாம்பலின் உப்புச்சத்து செடி வளர்ந்த மண்ணையும் அறுத்த பருவத்தையும் பொறுத்து மாறும். சத்து கூடினால் கண்ணாடி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். குறைந்தால் கல் உருகாமல் மணல்மணலாக நிற்கும். 15 மினா என்பது எந்தச் சாம்பலுக்கு? பலகையில் இல்லை. நாக்கில் வைத்துப் பார்த்தோ பழைய உருக்கோடு ஒப்பிட்டோ தெரிந்துகொள்ள வேண்டியது. இந்தப் பலகையை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் பட்டறை தொடங்கினால் முதல் சாம்பல் மூட்டையோடு மூட வேண்டியதுதான்.

கல்லுளி
அதே பலகைகளில் சூளைக்கு நல்ல மாதம், நல்ல நாள் பார்ப்பது, கூபு என்னும் தெய்வ உருவங்களை நிறுத்துவது, வெளியாளும் தீட்டுள்ளவரும் உள்ளே வரக்கூடாது என்பதெல்லாம் முதலில் வருமே? அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

சூளைமேடு
நீளம் கருதி விட்டேன். சடங்காக எழுதியிருந்தாலும் பட்டறையில் அதற்குப் பலன் இருந்திருக்கும். சூளை மூட்டியபின் யாராவது நடுவில் வாயைத் திறந்தால் சூடு இறங்கும், சாம்பல் பறந்து உருக்கில் விழும். பொருளறிவையும் சடங்கையும் அவர்கள் இரண்டு பெட்டியில் வைக்கவில்லை. அவ்வளவுக்கு மேல் இதில் சொல்ல எனக்குத் துணிவில்லை.

நாணல்ஏடு
எழுத்து விட்டுவிடுவதற்கு இன்னும் துல்லியமான சான்று ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதிய, எகிப்திய நீலம் என்ற நிறமி செய்யும் குறிப்பு. மணலைச் சோடா உப்போடு மாவாக அரை, செம்பு அரத்தூளைச் சேர், நனைத்து உருண்டை பிடி, உலர்த்தி, மண்சாடியில் போட்டுச் சூளையில் வை. இவ்வளவுதான். சுண்ணாம்பு எங்கே?

அந்த நீலப் படிகத்தில் எடைக்கணக்கில் சிலிக்கா 64, செம்பு ஆக்சைடு 21, சுண்ணாம்பு 15 சதவீதம். சுண்ணாம்பு இல்லாமல் படிகமே உருவாகாது. பச்சை கலந்த கண்ணாடிக் குழம்பாக நிற்கும். அவர் சொல்லும் பட்டறை இத்தாலியின் புத்தேயோலி துறைமுகத்தில் இருந்தது. கடற்கரை மணலில் சிப்பித்தூள் கலந்தே கிடக்கும், தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. பட்டறைக்காரருக்கு "மணல்" என்றாலே அந்த மணல். வெளியாள் எழுதியபோது இடம் கழன்றுவிட்டது, பொருளும் கழன்றுவிட்டது. பிற்காலத்தில் இந்த நிறமியின் தயாரிப்பே மறைந்தது. 19-ஆம் நூற்றாண்டில்தான் வேதியியல் ஆய்வில் மீண்டும் பிரித்தறிந்தார்கள்.

சூடும் முக்கியம். ஏறக்குறைய 850-க்கும் 1000-க்கும் இடையே நெடுநேரம் நிறுத்த வேண்டும். 1050-ஐத் தாண்டினால் நீலம் கெட்டுப் பச்சைக்குத் திரும்பும்.

களிமண்
சூடு பற்றிப் பேசுவதால். வெப்பமானி இல்லாத காலத்தில் தீயை எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதற்குக் கிரேக்கக் குயவர்களிடம் நேரடிச் சான்று இருக்கிறது: சோதனைச் சில்லுகள். ஏதென்ஸில் கிடைத்தவை. உடைந்த பாத்திரத்துண்டில் துளை போட்டு, கரும்பூச்சைப் பட்டையாகத் தடவி, சூளையின் பார்வைத்துளை அருகே வைப்பார்கள். சுடும்போது கம்பிக் கொக்கியைத் துளையில் மாட்டி வெளியே எடுத்துப் பார்க்கலாம்.

இது ஏன் தேவை? ஏதென்ஸின் கறுப்பு-சிவப்புப் பாத்திரம் ஒரே சூட்டில், மூன்று கட்டத்தில் வருவது. பூச்சும் உடலும் ஏறக்குறைய ஒரே களி. பூச்சு மட்டும் நீரில் தெளியவைத்து எடுத்த மிக நுண்ணிய வண்டல். முதலில் காற்றுவழி திறந்து 800 வரை: எல்லாம் சிவப்பு. அடுத்துக் காற்றை அடைத்து, பச்சை விறகு போட்டு, 900-950: எல்லாம் கறுப்பு, பூச்சு மட்டும் கண்ணாடிபோல் இறுகும். பிறகு காற்றைத் திறந்து சூட்டைச் சற்று இறக்க, நுண்துளை உள்ள உடல் காற்றை உறிஞ்சிச் சிவக்கும், இறுகிய பூச்சு கறுப்பாகவே நிற்கும்.

இரண்டாம் கட்டத்தில் சூடு போதாவிட்டால் பூச்சு இறுகாது, கடைசியில் அதுவும் சிவந்துவிடும். அதிகமானால் உடலும் இறுகிப்போய்ச் சாம்பல் நிறத்தில் நிற்கும். மூன்றாம் கட்டத்தை எப்போது தொடங்குவது என்பதுதான் முழுச் சூளையையும் காப்பதும் கெடுப்பதும். வெளியே எடுத்த சில்லு ஆசானுக்கும் பையனுக்கும் ஒரே நேரத்தில் கண்முன்னால் இருக்கிறது. தீயின் நிறத்தைப் பார்த்து, இந்த நிறத்துக்கு இந்தச் சில்லு என்று கண் பழகும். கொரிந்துக்கு அருகே பெந்தெஸ்கூஃபியாவில் கிடைத்த கி.மு. 6-ஆம் நூற்றாண்டுச் சுடுமண் பலகைகளில் சூளையும் அதை வேலைசெய்யும் குயவரும் வரையப்பட்டிருக்கிறார்கள்.

நம் பக்கத்துப் பெருங்கற்காலக் கறுப்பு-சிவப்புப் பானைகள் வேறு வழி: பூச்சின் வித்தையல்ல. கவிழ்த்து அடுக்கிச் சுடுகையில் காற்றுப் படாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுக்கும், வெளியே சிவக்கும் என்பது பொதுவான விளக்கம். இரண்டையும் ஒரே நுட்பம் என்று குழப்பிக்கொள்பவர்கள் உண்டு என்பதால் சொல்கிறேன்.

கல்லுளி
கல்லில் பிழையே பாடப்புத்தகம். பிரான்ஸின் எத்தியோல் என்னும் பனியுகக் கடைசிக்கட்ட முகாமில், சிதறிய சிக்கிமுக்கிச் சில்லுகளை ஒன்றோடொன்று பொருத்தி மூலக்கல்லை மறுபடி கட்டியிருக்கிறார்கள். தேர்ந்தவர்கள் அடுப்பை ஒட்டி, நல்ல கல்லில். கற்றுக்குட்டிகள் தள்ளி, மட்டக் கல்லில். எழுத்துக்குப் பல்லாயிரம் ஆண்டு முன்பே இருக்கை வரிசை!

கற்றுக்குட்டி என்று எப்படித் தெரியும்? அடிக்கும் முகப்புக்கும் சில்லு கழலும் முகத்துக்கும் இடைக்கோணம் 90-க்குக் கீழே இருக்க வேண்டும். புதியவர் அதைக் கவனிக்காமல் அடிப்பார். சில்லு பாதியில் நின்று படிபோல முறியும். தேர்ந்தவர் முகப்பைத் திருத்தி வேறிடத்தில் தொடங்குவார். புதியவர் கோபத்தில் அதே இடத்தில் மறுபடி மறுபடி அடிப்பார். அந்தத் தழும்புகள் கல்லில் அப்படியே இருக்கும்.

எகிப்திலும் திருத்தம் கண்ணால் காணக் கிடைக்கிறது. மன்னன் ஹோரெம்ஹெப்பின் முடிவடையாத கல்லறையில் முதல் வரைவு சிவப்பில், அதன்மேல் ஆசானின் திருத்தம் கறுப்பில், சில இடங்களில் உளி வேலை பாதியில். கட்டச் சட்டகமும் உண்டு: நிற்கும் உருவத்துக்குப் பாதத்திலிருந்து நெற்றி மயிர்க்கோடு வரை 18 கட்டம், முழங்கால் 6, முழங்கை 12, தோள் சந்தி 16. செம்மண் குழம்பில் நனைத்த நூலைச் சுவரில் தெறித்துக் கோடு போட்டால், படிப்பறியாத பையனும் தொடங்கலாம்.

மெழுகுஅச்சு
வெண்கலச் சிலை வார்க்கும் சுவாமிமலையில் கட்டத்துக்குப் பதில் ஒடியோலை. தென்னங்கீற்றுத் துண்டைச் சிலையின் உயரத்துக்கு வெட்டி, தாலமானம் என்ற சிற்ப அளவுமுறையின் விகிதப்படி மடித்துக் குறி வைப்பார்கள். உத்தம தச தாலம் என்றால் மொத்தம் 124 அங்குலம்: உச்சி 4, முகம் 13½, கழுத்து 4, கழுத்திலிருந்து மார்பு, மார்பிலிருந்து கொப்பூழ், கொப்பூழிலிருந்து குறிமூலம் மூன்றும் தலா 13½, தொடை 27, முழங்கால் 4, கணைக்கால் 27, பாதம் 4. சிற்பநூலுக்குச் சிற்பநூல் அரை அங்குலம் முன்பின் வரும். அங்குலம் என்பது இங்கே நிலையான அளவல்ல, அந்த ஓலையின் 124-இல் ஒரு பங்கு. சாண் உயரச் சிலையோ ஆளுயரச் சிலையோ, அதே மடிப்பு. எண்ணே தெரியாவிட்டாலும் மடிக்கத் தெரிந்தால் போதும்.

மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவதுதான் முறை. அந்த எடைக்கும் வாய்பாடு உண்டு. சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் மானசோல்லாசம் (12-ஆம் நூற்றாண்டு) மெழுகின் எடைக்குப் பித்தளையோ செம்போ 8 மடங்கு, வெள்ளி 12 மடங்கு, பொன் 16 மடங்கு என்கிறது. அடர்த்தியைப் பார்த்தால் செம்பு 8.9, வெள்ளி 10.5, சுத்தப் பொன் 19.3, குங்கிலியம் கலந்த மெழுகு ஏறக்குறைய 1. ஆக வெள்ளிக்கு வாய்பாடு கூடுதல், சுத்தப் பொன்னுக்குக் குறைவு. நாலு நாலாக ஏறுவது மனப்பாடத்துக்கு வசதி.

வழிப்போக்கன்
குறைவு என்றால் அச்சு நிரம்பாதே? பொன்னில் அது சின்ன நஷ்டம் இல்லை.

மெழுகுஅச்சு
கலப்புப் பொன் என்றால் 16 சரிக்கட்டும். முக்கால் பங்கு பொன் உள்ளது 15, 16 அடர்த்தியில்தான் நிற்கும். செம்புக்கு 8 என்பதும் இழுபறிதான். அதனால் இன்று 8 முதல் 10 வரை வைத்துக்கொள்கிறார்கள், ஊற்றுவாய்க்கும் குழாய்க்கும் சேர்த்து. குறைந்தால் நடுவில் நிறுத்தி மீதியை உருக்கி ஊற்றுவது உதவாது: முதலில் விழுந்தது தோல்கட்டிவிடும், இரண்டாவது அதோடு ஒட்டாமல் கோடாக நிற்கும். அந்தச் சிலையை உடைத்து மறுபடி உருக்க வேண்டியதுதான். மெழுகு உருகிப்போய்விட்டதால் உருவத்தையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

மண் பூச்சில் வாய்பாடு கிடையாது. முதல் பூச்சு நைசான காவிரி வண்டல், கரித்த உமி கலந்து, மெல்லிசாக. விரல்மடிப்பும் நகையும் பதிவது அதில்தான். நிழலில் உலர வேண்டும். வெயிலில் வைத்தால் மெழுகு இளகும், மண் வெடிக்கும். அடுத்து வயல்மண்ணும் மணலும், அதற்கடுத்துக் கரட்டு மணல் கலந்த பூச்சு, பெரிய சிலைக்குக் கம்பிக்கட்டு. "எவ்வளவு காய்ந்தால் அடுத்தது" என்பதற்கு விரல் முட்டித் தட்டும் சத்தம்தான் அளவு. ஈரம் மிச்சமிருந்தால் உலோகம் ஊற்றும்போது நீராவி சீறி அச்சு பிளக்கும்.

வழிப்போக்கன்
நெசவு ஏட்டுக்கே திரும்புகிறேன். ஐந்தாண்டில் ஹெராக்ளாஸ் மொத்தம் எவ்வளவு கொடுத்தார்? பெண்களுக்கு இப்படி ஒப்பந்தம் உண்டா?

நாணல்ஏடு
கூலி 60 + 192 + 288 = 540. மேலங்கிகள் 120. ஆக 660 திரக்மா.

பெண்கள் என்றால், சுதந்திரக் குடும்பத்துப் பெண்கள் ஒப்பந்தங்களில் அரிது. வீட்டிலேயே கற்றவர்களுக்கு ஏடு எதற்கு? அடிமைச் சிறுமிகள் வருகிறார்கள். அதே ஊர், 2-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி: தெர்மூத்தியோன் என்ற சிறுமி நெசவாளர் லூக்கியஸிடம் நான்கு ஆண்டு, சூரியன் எழுவதிலிருந்து மறைவதுவரை. மாதக் கூலி 8, 12, 16, 20 என்று ஆண்டுதோறும் ஏறும். திருவிழா விடுமுறை 18 நாள். கூட்டினால் 672. கூலி போவது உடைமையாளருக்கு. அவளுக்குச் சோறும் துணியும் அவர் பொறுப்பு.

தறிக்குழி
660-உம் 672-உம்! ஒன்றில் முதல் 31 மாதம் காசில்லை, துணி ஆசான் செலவு. மற்றொன்றில் முதல் மாதமே 8 திரக்மா, துணி உடைமையாளர் செலவு. கடைசியில் ஆசான் கையிலிருந்து போவது ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சிறுமிக்கு ஓராண்டு குறைவு. அவளும் ஓரளவு நூற்கவும் சுற்றவும் தெரிந்துதான் வந்திருப்பாள் என்று படுகிறது. பருத்தியோ ஆளியோ கம்பளியோ, எந்த நூல் என்று அந்த ஏடுகளில் ஏதாவது குறிப்பு உண்டா, அக்கா? கம்பளி என்றால் ஊடை நீட்சி கூடுதல், கரை உள்வாங்குவதும் வேறு மாதிரி. கெடுவின் நீளத்தை அதோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும்.